கணக்குக் கேட்க ஆளில்லாத ஆட்சி

"ஒரு சர்வாதிகாரி வந்தால்தான் இந்த நாடு உருப்படும்" என்னும் சொல்லைக் கேளாத தமிழர் இருக்க முடியாது. தேநீர்க் கடையிலும், திருமண வீட்டுப் பந்தலிலும், இரயில் பெட்டியிலும் அது ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்பவர் பெரும்பாலும் கொடியவரல்லர். ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை அலைந்தவராக இருப்பார். அல்லது உழைத்துச் சேர்த்த பொருளைக் களவு கொடுத்தவராக இருப்பார். அவர் ஏங்குவது கொடுமைக்கன்று, ஒழுங்குக்கு. ஒழுங்கு வேண்டுமென்றால் ஒருவர் கையில் எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் நம்புகிறார். இந்த நம்பிக்கை சரிதானா என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் பொருள்.

இந்தப் பழைய கேள்வி இந்நாளில் நாம் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கணினியில் விளையாடும் விளையாட்டுகளைத்தான் சொல்கிறேன். அவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது பெரியவர்களின் வழக்கம். ஆனால் அவற்றுள் ஒரு வகை, உலகம் அழிந்துபோன பிறகு எஞ்சியிருக்கும் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதைக் கருவாகக் கொண்டது. அங்கே ஆட்சி என்றால் என்ன, சட்டம் என்றால் என்ன, யாருக்குச் சோறு, யாருக்குப் பட்டினி என்ற வினாக்களுக்கு விளையாடுகிறவரே விடை சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் நள்ளிரவில் தனியே அமர்ந்து இந்த வினாக்களுக்கு விடை காண்கிறான் என்றால், அந்த விடை என்னவென்று நாமும் அறிந்துகொள்வது நல்லதல்லவா?

எங்கள் புதுவயல் அரிசி ஆலைகளின் ஊர். இங்கே ஓர் ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி ஓய்ந்தவன் நான். என் மகள் வயிற்றுப் பேரன் பொறியியல் படிக்கிறான். விடுமுறையில் வந்திருந்தபோது அவன் விளையாடிய ஒரு விளையாட்டைப் பல நாள் அருகிருந்து பார்த்தேன். 'ஃப்ராஸ்ட்பங்க்' என்பது அதன் பெயர். போலந்து நாட்டின் வார்சா நகரத்து நிறுவனம் ஒன்று 2018ஆம் ஆண்டில் அதை வெளியிட்டது. கற்பனையான 1886ஆம் ஆண்டில் உலகமெங்கும் பனி மூடிவிடுகிறது. இலண்டனிலிருந்து தப்பிய எண்பது பேர், நிலக்கரியால் இயங்கும் பெரிய வெப்ப எந்திரம் ஒன்றைச் சுற்றிக் குடியேறுகிறார்கள். அந்த எண்பது பேரில் பதினைந்து பேர் குழந்தைகள். விளையாடுகிறவனே அந்த ஊரின் தலைவன்.

தலைவன் கையில் ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது. நிலக்கரி போதவில்லையா? வேலை நேரத்தைப் பதினான்கு மணியாக்கும் சட்டத்தில் ஒப்பமிடலாம். இன்னும் போதவில்லையா? ஒரு முழு நாளும் இடைவிடாமல் உழைக்கச் செய்யும் சட்டமும் இருக்கிறது. ஆள் பற்றவில்லை என்றால் குழந்தைகளையும் வேலைக்கு அனுப்பலாம். உணவு குறைந்தால் மரத்தூளைக் கலந்து பெருக்கலாம். திரையின் அடியில் இரண்டு அளவுகள் ஏறி இறங்கும்; ஒன்று மக்களின் நம்பிக்கை, மற்றொன்று அவர்களுடைய அதிருப்தி. நம்பிக்கை வற்றிவிட்டால், அல்லது அதிருப்தி பொங்கிவிட்டால், தலைவனை மக்கள் தள்ளிவிடுவார்கள். ஆகவே அவன் ஒழுங்கு என்ற பாதையையோ சமயம் என்ற பாதையையோ தேர்ந்துகொள்கிறான். முதலில் காவல் நிலையம், அடுத்துச் சிறைச்சாலை, அதற்கும் அடுத்துப் பிரசார நிலையம். ஒவ்வொரு படியும் முந்திய படியைவிடச் சிறிதே உயர்ந்தது. கடைசிப் படியில் புதிய ஆணை ஒன்று இருக்கிறது. அதில் ஒப்பமிட்ட கணமே நம்பிக்கை என்னும் அளவு திரையிலிருந்து மறைந்துபோய், அந்த இடத்தில் கீழ்ப்படிதல் வந்து அமர்கிறது. இதைச் செய்தவர்கள் உண்மையிலேயே சிந்தித்துச் செய்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"நன்னா, இதுல நல்லவனா இருந்தா ஊரே செத்துப் போயிரும். கொஞ்சம் கடுமையா இருந்தாத்தான் எல்லாரையும் காப்பாத்த முடியும்" என்றான் பேரன். அவன் சொன்னதில் கபடமில்லை. அந்த எண்பது பேரையும் காப்பாற்ற வேண்டும் என்று அவன் உண்மையாகவே பாடுபட்டான். தேநீர்க் கடையில் பேசும் பெரியவரும் அதையேதான் சொல்கிறார். வேறுபாடு ஒன்றுதான்: பெரியவர் தம்மை ஆளப்படுபவராக வைத்துக்கொண்டு பேசுகிறார், பேரனோ ஆளுகிறவனின் நாற்காலியில் அமர்ந்து பேசுகிறான்.

அவன் கூற்றில் உள்ள உண்மையை முதலில் ஏற்றுக்கொள்வோம். ஆலையில் நெல் அவிக்கும் கொதிகலனில் அழுத்தம் ஏறிவிட்டால் அங்கே கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற முடியாது. ஒருவர் கட்டளையிட வேண்டும், மற்றவர்கள் ஓட வேண்டும். புயலில் அகப்பட்ட கப்பலுக்கு மாலுமி ஒருவனே தலைவன். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபு நாட்டைக் கொடிய வறட்சி வாட்டியபோது, ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் சிரியாவிலிருந்தும் பிற மாகாணங்களிலிருந்தும் தானியத்தைத் தருவித்து மதீனாவில் பங்கிட்டார்கள் என்பதை நாம் அறிவோம். அதுவும் உறுதியான கட்டளையால் நடந்ததுதான். ஆனால் மக்கள் வயிறு நிறையும்வரை தாம் நெய்யைத் தொடுவதில்லை என்று அவர்கள் விரதம் பூண்டதையும், அவர்களை எதிரே நின்று கேள்வி கேட்க எளியவர்க்கும் உரிமை இருந்ததையும் அந்தக் கட்டளையிலிருந்து பிரித்துவிட முடியாது. இடர்க்காலத்தில் ஒருவர் கட்டளையிடுவது ஒன்று. அந்த ஒருவரைக் கேட்க எவரும் இல்லாமற்போவது முற்றிலும் வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலிருந்துதான் குழப்பம் பிறக்கிறது.

மற்றொரு விளையாட்டு இந்தக் குழப்பத்தை இன்னும் சாமர்த்தியமாக நம் முன் வைக்கிறது. 2010இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' என்பது அது. 2077இல் மூண்ட அணு யுத்தத்தில் அமெரிக்கா அழிந்து, இரு நூற்றாண்டுகள் கழிந்த பின் நடக்கும் கதை. பாலைவனத்தில் ஒரு பக்கம் தேர்தலும் சட்டமன்றமும் உள்ள ஒரு குடியரசு. வரி அதிகம், கையூட்டு அதிகம், காவல் குறைவு. மறு பக்கம் சீசர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒருவனின் படை. அடிமை முறையும் சிலுவைத் தண்டனையும் அங்கே சட்டம். ஆனால் அவன் ஆளும் பகுதியில் வணிகர்களின் பொதிமாடுகள் கொள்ளையருக்கு அஞ்சாமல் போய்வருகின்றன என்று அந்த விளையாட்டில் வரும் வணிகரே சொல்கிறார். பாதுகாப்பான சாலையா, சுதந்திரமா என்று விளையாடுகிறவன் திகைக்கிறான். அதே கதையில் சீசரின் மூளையில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் ஆசிரியர்கள் வைத்திருக்கிறார்கள். அவன் மாண்டால் அடுத்து வருபவன் அவனைவிடக் கொடியவன். ஒருவனை நம்பிக் கட்டிய ஒழுங்கு, அந்த ஒருவனுடைய மண்டையோட்டின் அளவே உறுதியானது என்பது அதன் பொருள்.

இந்த விளையாட்டுகள் நேர்மையற்றவை என்று நான் சொல்லவில்லை. எனினும் விளையாட்டு என்னும் அமைப்புக்கே உரிய மூன்று சலுகைகள் இவற்றில் இருக்கின்றன. உண்மையான எந்த ஆட்சியாளனுக்கும் அவை கிடைப்பதில்லை.

முதல் சலுகை, பொய்யில்லாத கணக்கு. கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது, எத்தனை பேர் நோயாளிகள், எத்தனை பேர் மனக்கசப்பில் இருக்கிறார்கள் என்பதைத் திரை அப்படியே காட்டிவிடுகிறது. கணக்கெழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் இதைப் பார்த்து நான் சிரித்தேன். முதலாளிக்கு அஞ்சுகிற கிடங்கில் இருப்பு ஒருநாளும் சரியாக இராது. நனைந்த மூட்டை காய்ந்ததாகவும், குறைந்த மூட்டை நிறைந்ததாகவும் சிட்டையில் ஏறும். இரண்டாவது சலுகை, திரும்பிப் போகும் வழி. முடிவு தவறாகிவிட்டால் சேமித்து வைத்த இடத்துக்குப் போய் மீண்டும் ஆடலாம். செத்தவர் எழுந்து நடமாடுவார். மூன்றாவது, இடர் முடியும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பது. பெரும் பனிப்புயல் வந்து ஓய்ந்ததும் ஆட்டம் முடிகிறது. அதன் பிறகு அந்தச் சிறைச்சாலை என்ன ஆயிற்று, அந்தக் காவற்படை வீட்டுக்குத் திரும்பியதா என்று கேட்க எவருமில்லை.

இந்த மூன்று சலுகைகளும் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதை அறியச் செட்டிநாட்டார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைக் கேட்டாலே போதும்.

பர்மாவுக்கு 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இங்கிருந்து நகரத்தார் போனார்கள். அவர்களோடும் தனித்தும் நம்மவர்களும் போனார்கள். ஐராவதி ஆற்றின் முகத்துவாரம் உலகத்துக்கே சோறு போடும் களமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் டன் அரிசி அங்கிருந்து ஏற்றுமதியானது; உலகில் வேறு எந்த நாடும் அந்த அளவு அனுப்பவில்லை. ஆனால் 1930இல் நெல் விலை வீழ்ந்தபோது கடன்பட்ட உழவர்களின் நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார்களின் நிலப்பங்கு 1937இல் நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்தது. அந்த நாட்டு உழவனின் மனத்தில் கசப்பு மூண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நமது கணக்கும் பொய்க்கணக்காகிவிடும்.

பிறகு உண்மையாகவே உலகம் அழிந்தது போன்ற காலம் வந்தது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாக வந்தார்கள். காட்டிலும் மலையிலும் பல்லாயிரவர் மாண்டார்கள். போர் அந்த நாட்டை இருமுறை உழுதுபோட்டது. 1947 ஜூலையில் தலைவர் ஆங் சான் சுட்டுக்கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4இல் விடுதலை வந்தது. சில மாதங்களிலேயே உள்நாட்டுக் கலகங்களும் மூண்டன. விளையாட்டுகள் கற்பனை செய்யும் பேரழிவுக்குப் பிந்திய சமுதாயத்துக்கு இதைவிட நெருங்கிய உண்மை உருவம் நம் அண்டையில் வேறில்லை.

அப்போது ஒற்றை அதிகாரம் இருமுறை வந்தது. இருமுறையும் வந்தவர் ஒருவரே: தளபதி நே வின். முதல் முறை 1958 அக்டோபரில், ஆளும் கட்சி பிளவுபட்டு நின்ற வேளையில், பிரதமர் ஊ நூ அழைத்து, பாராளுமன்றத்தின் ஒப்புதலோடு அவர் பொறுப்பேற்றார். குறிப்பிட்ட காலத்துக்குள் தேர்தல் நடத்திவிட்டுப் போக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆட்சி கடுமையானதுதான். போர்க்காலத்தில் ரங்கூன் தெருவோரங்களில் குடிசை போட்டிருந்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒக்கலாபா, தாக்கேட்டா போன்ற புதுக் குடியிருப்புகளுக்கு அகற்றப்பட்டார்கள். குப்பை அள்ளப்பட்டது, விலைகள் அடக்கப்பட்டன. என் பெரியத்தா அந்நாளில் மொகல் தெருவில் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், "ஐம்பத்தெட்டுல வந்த பட்டாளம் நல்ல பட்டாளம், தெருவுல செருப்பில்லாம நடக்கலாம்" என்று அவர் சொல்வதுண்டு. அவர் பொய் சொல்பவரல்லர். 1960 பிப்ரவரியில் சொன்னபடி தேர்தல் நடந்தது. பட்டாளம் விரும்பிய கட்சி தோற்றது. ஊ நூ மீண்டும் வந்தார். தளபதி விலகிப் போனார்.

இரண்டாம் முறை 1962 மார்ச் 2ஆம் நாள் அவர் வந்தபோது யாரும் அழைக்கவில்லை, நாளும் குறிக்கப்படவில்லை. முதல் ஆட்சியின் நற்பெயரே இரண்டாம் ஆட்சிக்கு முதலாயிற்று. "முன்பும் நன்றாகத்தானே செய்தார்?" என்று பலர் எண்ணினார்கள். அதே வருடம் ஜூலை 7இல் பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டார்கள்; மறுநாள் காலை அவர்களுடைய சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1963இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அந்த ஆண்டு மே 17இல் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாதவை ஆயின. ஒரே கட்சி தவிர மற்றவை தடை செய்யப்பட்டன. ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர்கள் அந்த ஆண்டுகளில் அந்த மண்ணை விட்டு வெளியேறினார்கள். தமிழகத்துக்கு மட்டும் ஒன்றரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் வந்தார்கள். பெரியத்தாவும் ஒரு தகரப் பெட்டியோடு சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார். சென்னையின் பர்மா பஜார் அந்த வருகையின் நினைவுச் சின்னமாக இன்றும் நிற்கிறது.

வந்தவர்களின் கதையை நாம் அறிவோம். நாம் அதிகம் எண்ணாதது, அங்கேயே இருந்துவிட்ட பர்மிய உழவனின் கதை. அந்நியரின் பிடியிலிருந்து நிலத்தை மீட்டு உன் கையில் தருகிறோம் என்று அவனுக்குத்தான் சொல்லப்பட்டது. நெல்லை இனி அரசே வாங்கும் என்றார்கள். விலையையும் அரசே வைத்தது. அந்த விலை அவன் பாட்டுக்குக் கட்டவில்லை. நெல்லை நன்கறிந்தவர்கள் அடுத்து நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம். உழவன் நல்ல நெல்லைப் பதுக்கினான். ஈரமும் பதருமானதை அரசுக்கு அளந்தான். அதிகமாக விளைவிக்கும் ஆசையையும் விட்டான். உலகுக்குச் சோறு போட்ட நாட்டின் ஏற்றுமதி போருக்கு முன்பிருந்ததில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது. 1967இல் ரங்கூனிலேயே அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆகஸ்டு மாதம் சிட்வே நகரில் அரிசி கேட்டுத் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அரிசி விளையும் மண்ணில், அரிசி கேட்டவனுக்குக் குண்டு!

தவறு தெரிந்த பிறகாவது திரும்பிப் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். திருப்பிவிடும் கை அங்கே எவருக்கும் இல்லை. 1987 செப்டம்பரில் மீண்டும் நாணயத் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டு, ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் தாள்கள் புழக்கத்தில் விடப்பட்டன. எளியவர்களின் சேமிப்பு ஒரே நாளில் குப்பையாயிற்று. அதே ஆண்டு இறுதியில் உலகின் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் பர்மா சேர்க்கப்பட்டது. 1988 ஜூலையில் நே வின் விலகினார். ஆகஸ்டு 8இல் நாடே தெருவில் இறங்கியது. அதற்குப் பின்னும் பட்டாளம் வேறு பெயரில் தொடர்ந்தது. 2008 மே மாதத் தொடக்கத்தில் நர்கீஸ் புயல் முகத்துவாரத்தை விழுங்கியபோது 1,38,000க்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போனார்கள். எல்லா அதிகாரமும் கையிலிருந்த ஆட்சி அன்று என்ன செய்தது? பிற நாட்டு உதவியாளர்களைப் பல நாள் எல்லையில் நிறுத்தி வைத்தது. பிணங்கள் நீரில் மிதக்கையில், மே 10ஆம் நாள், தான் வகுத்த அரசியலமைப்புக்கு வாக்கெடுப்பு நடத்தியது. பேரிடருக்கென்றே ஒற்றை ஆட்சி வேண்டும் என்பாருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேறு வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இருபத்தோரு மாதம் அதன் நிழல் விழுந்தது. 1975 ஜூன் 25இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கடைகளின் முன் விலைப்பட்டியல் பலகைகள் தொங்கின. இரயில் நேரத்துக்கு வருகிறது என்று எல்லோரும் வியந்தார்கள். பத்திரிகைகளில் தணிக்கை இருந்ததால், வராத செய்திகளைப் பற்றி யாரும் வியக்கவில்லை. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது என்பதும், அதில் எவ்வளவு வற்புறுத்தல் இருந்தது என்பதும் பின்னர் ஷா விசாரணைக் குழு அமர்ந்தபோதுதான் முழுமையாக வெளிவந்தன. ஆனால் 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. மக்கள் கணக்கைத் தீர்த்தார்கள். நமக்கும் பர்மாவுக்கும் இடையே அன்றிருந்த வேறுபாடு அந்த ஒரு தேர்தல்தான்.

பொய்க்கணக்கின் முழு விலையை அறிய வேண்டுமானால் 1958 முதல் 1961 வரையிலான சீனத்தைப் பார்க்கலாம். மேலிடத்தின் சினத்துக்கு அஞ்சிய அதிகாரிகள் விளைச்சலைப் பன்மடங்காகக் கூட்டி எழுதினார்கள். எழுதிய அளவுக்கு ஏற்ப அரசு தானியத்தை எடுத்துச் சென்றது. கோடிக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நிகழ்வதில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் கண்டு சொன்னதன் சாரம் இதுவே. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம் அந்நியர் ஆட்சியில் நிகழ்ந்தது. விடுதலைக்குப் பின் வறட்சிகள் வந்தன, பசியும் இருந்தது, ஆனால் அந்த அளவுப் பஞ்சம் வரவில்லை. பசித்தவனின் கூக்குரலே ஆட்சியாளனுக்குக் கிடைக்கும் மெய்யான சிட்டை. அந்த வாயை அடைத்துவிட்டால் அவன் காதும் அடைபட்டுப்போகிறது.

"அப்படியானால் சிங்கப்பூர்?" என்று வாசக அன்பர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். நம் பகுதியில் சிங்கப்பூர்ப் பணம் புகாத வீடு குறைவு. லீ குவான் இயூ 1959 முதல் 1990 வரை பிரதமராயிருந்து, குடிசைகளை அகற்றி வீடு கொடுத்தார்; ஊழலை ஒடுக்கினார்; எதிர்த்தவர்களை விசாரணையின்றிச் சிறையிலும் வைத்தார். அவர் ஆட்சி கடுமையானது, பயனும் தந்தது. இரண்டையும் மறுக்க முடியாது. ஆனால் அது கணக்கில்லாத ஆட்சியன்று. எதிர்க்கட்சிக்கு இடுக்கமான வழியே இருந்தபோதிலும், தவணை தோறும் தேர்தல் நடந்தது. 1986இல் அமைச்சர் ஒருவரையே ஊழல் விசாரணைப் பிரிவு விசாரித்தது. அனைத்துக்கும் மேலாக, அது உலக வணிகத்தை நம்பி வாழும் துறைமுகம். துறைமுகத்தில் பொய்க்கணக்கு ஒரு வாரம் நிற்காது. கப்பல் வேறு கரைக்குப் போய்விடும். ஆகவே சிங்கப்பூரை வாழ வைத்தவற்றுள் அதன் கடுமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கட்டிவைத்த கயிறுகளை விட்டுவிடுவது, ஐந்தொகையில் வரவை மட்டும் படித்துப் பற்றைப் படியாமல் விடுவதற்கு ஒப்பாகும். கடுமை மட்டும் போதுமென்றால் ரங்கூன் அல்லவா முதலில் சிங்கப்பூராகியிருக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரழிவு வந்தால் மனிதர் ஓநாய்களாகிவிடுவர், ஆகவே தடியெடுத்த ஒருவன் தேவை என்பது இந்த விளையாட்டுகள் பலவற்றின் அடிப்படை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையை அடித்தபோது நாம் கண்டது அதுவன்று. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் யார் கட்டளைக்கும் காத்திராமல் மீனவ மக்களை மீட்டுச் சோறு ஆக்கிப் போட்டார்கள். அரசு வந்துசேர்வதற்குள் அண்டை வீட்டார் வந்துவிட்டார்கள். இது அன்று கடற்கரையெங்கும் பல ஊர்களில் நடந்தது. மனிதருக்குள் இருக்கும் இந்த ஊற்றைத் திரையின் அளவுகளால் காட்ட இயலாது.

இவற்றையெல்லாம் பேரனிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. அவன் கேட்டபோது பர்மாவைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் 2024இல் வந்திருப்பதைச் சொன்னான். பனிப்புயலுக்கு முப்பது ஆண்டுகள் கழிந்த கதையாம். பழைய தலைவன் இறந்துவிட்டான். இப்போது நூறு உறுப்பினர் கொண்ட மன்றம் ஒன்று இருக்கிறது. சாதாரணச் சட்டத்துக்கும் ஐம்பத்தொரு வாக்கு வேண்டும். ஒவ்வொரு குழுவிடமும் பேசி, வாக்குக் கொடுத்து, விட்டுக்கொடுத்து ஆள வேண்டியிருக்கிறது. "ரொம்பக் கஷ்டம் நன்னா, எதையும் சட்டுன்னு செய்ய முடியலை" என்றான். "அந்தக் கஷ்டம் உனக்குத்தான், நிலக்கரி வெட்டுறவனுக்கு அதுதான் காவல்" என்றேன்.

ஒற்றை அதிகாரத்தால் ஒரு சமுதாயத்துக்கு நன்மை விளையுமா என்ற வினாவை ஆட்சியாளனின் நாற்காலியில் அமர்ந்து கேட்டால், விளையும் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அங்கிருந்து பார்த்தால் மனிதர் எண்களாகத் தெரிகின்றனர். எண்பதில் பத்துப் போனாலும் எழுபது மிச்சம்தானே! அதே வினாவைப் பதினான்கு மணி நேரம் சுரங்கத்தில் நிற்பவனின் இடத்திலிருந்தும், வேலைக்கு அனுப்பப்பட்ட பதினைந்து குழந்தைகளில் ஒன்றின் இடத்திலிருந்தும், சிட்வே வீதியில் அரிசிப் பையோடு நின்றவனின் இடத்திலிருந்தும் கேட்க வேண்டும். நாம் யாரும் அந்த நாற்காலியில் அமரப் போவதில்லை. அமரப் போவது வேறொருவர். நமக்குக் கிடைக்கப் போவது கீழே உள்ள இடங்களில் ஒன்றுதான்.

இடர்க்காலத்தில் ஒரு கைக்கு அதிகாரம் தர நேரிடலாம். 1958இன் ரங்கூன் அதற்கு ஒரு சான்று. அப்போது கேட்க வேண்டியவை இரண்டே: அதைத் திருப்பித் தரும் நாள் எது? ஐந்தொகையைப் பார்க்கும் உரிமை யாருக்கு? இந்த இரண்டுக்கும் விடை சொல்பவரை நம்பலாம். சொல்ல மறுப்பவர் எவ்வளவு நல்லவராயினும், எவ்வளவு சுத்தமாகத் தெருவைக் கூட்டினாலும், அவரிடம் சாவியைக் கொடுக்கலாகாது. முதலாளி எவ்வளவு யோக்கியராயிருந்தாலும் ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டதனால்தான் இந்தச் சிறு நிலத்து மனிதர்கள் கடல் கடந்து நூறாண்டு வணிகம் செய்ய முடிந்தது. கடைக்கு வேண்டிய அந்த விதி நாட்டுக்கு வேண்டாமா?